மூலைக்கு ஓடும் மின்சாரம்

பைக் ஹேண்டில்பாரைத் தடவிப் பார்த்து “குரோம் என்னமா மின்னுது!” என்று யாராவது வியந்தால், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளேட்டிங் பட்டறை நடத்தும் மாஸ்டரால் சும்மா இருக்க முடியாது. மின்னுவது குரோம் இல்லை, அதன் அடியில் இருக்கும் நிக்கல் என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நிக்கல் பூச்சு பத்து, இருபது மைக்ரான் கனத்துக்கு இருக்கும். அதன்மேல் ஏறும் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானைக்கூடத் தாண்டாது. லேசான நீலச் சாயல், கீறல் தாங்கும் கடினம், மங்காத குணம் ஆகியவைதான் குரோமின் பங்கு. தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், பார்ப்பவர்களை மயக்கும் அந்தக் குரோம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு மெல்லிய படலத்தைக் கையால் பூச முடியாது. தண்ணீரில் மின்னூட்டத்தோடு மிதக்கும் உலோக அயனிகளை அழைத்து வந்து பொருளின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதில் இரண்டே கேள்விகள் என்பார் மாஸ்டர். எவ்வளவு ஏறும்? எங்கே ஏறும்? முதல் கேள்விக்கு ஆம்பியர் மீட்டரும் கடிகாரமும் பதில் சொல்லிவிடும். பிளேட்டிங்காரருக்குத் தலை நரைப்பது இரண்டாவது கேள்வியில்தான்.

முதல் கேள்வியை அவர் கற்றது சிதம்பரத்தில். கவரிங் நகைக்குப் பேர்போன ஊர். பள்ளி விடுமுறைகளில் சித்தப்பாவின் பட்டறையில் எடுபிடி வேலை. செம்பிலும் பித்தளையிலும் செய்த வளையல்களைக் கம்பியில் கோத்து, தங்க உப்பு கரைத்த சின்னத் தொட்டியில் தொங்கவிடுவார்கள். சித்தப்பாவின் கண் நகைமேல் இருக்காது. மீட்டர் முள்ளுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் இடையில் போய்வந்துகொண்டிருக்கும். “அங்க ஓடுறது கரண்டு இல்லடா, தங்கம்” என்பார். அரை நிமிடம் கூடுதலாக விட்டால் அந்த அரை நிமிடத்துத் தங்கம் வளையலோடு போய்விடும். வளையலின் விலையோ ஏறாது.

சித்தப்பாவுக்கு மைக்கேல் ஃபாரடேயைத் தெரியாது. ஆனால் அவர் பிழைப்பு நடந்தது ஃபாரடே 1830களில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கண்ட விதியின் மேல். கரைசல் வழியே எவ்வளவு மின்சாரம் போனதோ அதற்குச் சரியான விகிதத்தில் உலோகம் படியும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. தங்க உப்புக் கரைசலில் ஓர் அணுத் தங்கம் படிய ஓர் எலெக்ட்ரான் போதும். நிக்கல் அயனிக்கு இரண்டு வேண்டும். குரோமிக் ஆசிட்டில் இருக்கும் குரோமியத்துக்கு ஆறு. ஆகவே ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் ஓட்டினால், ஒன்றும் வீணாகாத பட்சத்தில், தங்கம் 7.35 கிராம் ஏறும், நிக்கல் 1.095 கிராம் ஏறும், குரோம் 0.32 கிராம்தான் ஏறும். ஒரு ஆம்பியர் என்பது நொடிக்குச் சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள். அத்தனையையும் மீட்டர் முள் எண்ணிக்கொண்டிருக்கிறது.

பிறகு டிப்ளமோ, சென்னையில் வேலை, அங்கிருந்து ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குக் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. பட்டறைகளிலிருந்து வந்திருந்தவர்களிடம் பயிற்சி கொடுத்தவர் ஒரு கேள்வி கேட்டார். தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரை அணைத்துவிட்டால் அதில் அயனி இருக்குமா?

கரண்டு போனால் அயனி ஏது என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். கரண்டு வந்துதான் உப்பை உடைத்து அயனியாக்குகிறது என்பது அன்றைக்கும் பட்டறைகளில் பரவலான நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மின்சாரமே இல்லாவிட்டாலும் உப்பு தண்ணீரில் அயனிகளாகப் பிரிந்தே கிடக்கிறது என்று ஸ்வீடனின் ஸ்வாண்டே அர்ரீனியஸ் 1880களில் சொன்னார். அந்த எண்ணத்தின் தொடக்கமாக 1884ல் உப்சாலாவில் கொடுத்த ஆய்வேட்டுக்குக் கிடைத்தது தாழ்ந்த மதிப்பெண். அதே வேலைக்கு 1903ல் நோபல் பரிசு வந்தது.

நிக்கல் சல்பேட் படிகத்தைக் கையில் எடுத்தால், அதற்குள்ளேயே நிக்கல் அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து நேர் அயனியாக இருக்கிறது. சல்பேட் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எதிர் அயனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால்தான் படிகம் கல்லாக நிற்கிறது. தண்ணீர் அந்தப் பிடியை ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காகத் தளர்த்திவிடுகிறது. பிரிந்து வரும் ஒவ்வொரு நிக்கல் அயனியையும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்ஸிஜன் முனையை உள்பக்கம் காட்டிச் சூழ்ந்துகொள்கின்றன. நிக்கல் தொட்டியின் அந்தப் பச்சை நிறம் இந்தக் கூட்டணியின் நிறம்.

மின்சாரம் புதிதாக அயனி உண்டாக்கும் இடமும் தொட்டியில் உண்டு. அது ஆனோடு. டைட்டானியக் கூடையில் போட்டுத் துணிப்பை மாட்டித் தொங்கவிட்ட நிக்கல் துண்டுகளிலிருந்து ரெக்டிஃபையர் எலெக்ட்ரான்களை உறிஞ்சுகிறது. இரண்டு எலெக்ட்ரானைப் பறிகொடுத்த அணு அங்கேயே அயனியாகிக் கரைசலில் இறங்கிவிடும். கேத்தோடில், அதாவது பூச்சு ஏறும் பொருளில், எத்தனை அயனி உலோகமாகிறதோ ஏறக்குறைய அத்தனை அயனி ஆனோடில் பிறக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் வாட்ஸ் 1916ல் வெளியிட்ட கலவைதான் இன்றும் அம்பத்தூர்த் தொட்டிகளின் அடிப்படை. லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்பேட், அதோடு நிக்கல் குளோரைடு, போரிக் ஆசிட். குளோரைடு குறைந்தால் ஆனோடுத் துண்டுகள் மேல்தோல் போர்த்துக்கொண்டு கரைய மறுக்கும். வோல்ட் ஏறும், வேலை நகராது.

இத்தனை மின்னூட்டம் மிதந்தாலும் தொட்டிக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை. நேர் அயனிகளுக்கு ஈடாக எதிர் அயனிகள் பக்கத்திலேயே இருக்கும். அந்தச் சமன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கூலோம் விதியை வைத்து யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நிக்கல் அயனிகளைச் சல்பேட்டிலிருந்து தனியே பிரித்து ஓரிடத்தில் வைத்து, அதேபோல் இன்னொரு கிராமை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைக்க முடிந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஒரு கோடி டன் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இந்தக் கணக்கை மாஸ்டர் பட்டறைக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்களிடம் போடச் சொல்வார். விடையை நம்பாமல் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்காத மாணவரை அவர் இதுவரை பார்க்கவில்லை.

அந்த மாணவர்களிடம் இன்னொரு தவறான எண்ணமும் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் நிக்கல் அயனிகள் ஆனோடிலிருந்து கேத்தோடுக்குப் பாய்ந்து ஓடுகின்றன என்று நினைப்பார்கள். தொட்டியில் ஆனோடுக்கும் பொருளுக்கும் இடையே இருபது சென்டிமீட்டர், மின்னழுத்தம் நாலைந்து வோல்ட். அந்த இழுப்பில் ஒரு நிக்கல் அயனி மணிக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிகம். ஆனோடில் இன்று காலை பிறந்த அயனி மின்புலத்தை மட்டும் நம்பி நடந்தால் மறுகரை சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். வேலையோ இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் படிவது எது? ஏற்கெனவே பொருளின் பக்கத்தில் இருந்த அயனிகள். அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவற்றைக் கொண்டு வருவது முக்கியமாகக் கரைசலின் அசைவு. அதற்காகத்தான் தொட்டியின் அடியில் ஓட்டை போட்ட பைப் வழியே காற்றைக் கொப்பளிக்க விடுகிறார்கள், கேத்தோடு ராடை முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள்.

மின்புலம் தன் முழுப் பலத்தையும் காட்டும் இடம் பொருளின் தோலை ஒட்டிய ஒரு நானோமீட்டர். எதிர் மின்னூட்டம் ஏறிய உலோகப் பரப்பின் மேல் நேர் அயனிகள் வந்து அடுக்காக நிற்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வரைந்து காட்டிய இரட்டை அடுக்கு இது. ஒரு வோல்ட் அளவு வித்தியாசம் ஒரு நானோமீட்டருக்குள் அடங்கினால், மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் என்ற கணக்கில் புலம் நிற்கிறது. தண்ணீர் மூலக்கூறுகளின் சட்டையைக் கழற்றிவிட்டு நிக்கல் அயனி எலெக்ட்ரான் வாங்கி அணுவாவது அங்கேதான்.

அயனி வந்து சேரும் வேகத்தைவிட ஆம்பியரை அதிகம் வைத்தால் பர்னிங். “பந்தியில இலை காலியாகுறதுக்கு முன்னாடி சோறு வரணும், இல்லன்னா சண்டைதான்” என்று பையன்களுக்கு மாஸ்டர் சொல்வார். நிக்கல் வந்து சேராத இடத்தில் ரெக்டிஃபையர் அனுப்பும் எலெக்ட்ரான்களைத் தண்ணீரிலிருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் வாங்கிக்கொள்ளும். அவை வாயுவாகப் போனதும் அந்த இடத்தில் அமிலம் குறைந்து காரம் ஏறும், நிக்கல் ஹைட்ராக்ஸைடாகத் திரியும், பூச்சு கருத்துச் சொரசொரப்பாகும். போரிக் ஆசிட் போடுவது இந்த அமிலக் குறைவைத் தாங்கிப் பிடிக்கத்தான். பர்னிங் எப்போதும் முதலில் மூலையில்தான் தெரியும், நடுவில் தெரியாது. இரண்டாவது கேள்வி தொடங்கும் இடமும் அந்த மூலைதான்.

ஒரு சதுரத் தகட்டைத் தொட்டியில் தொங்கவிட்டால் கரைசலுக்குள் மின்சாரம் சீராகப் பரவி வராது. நடுப்பகுதிக்கு முன்னால் இருக்கும் கரைசல் வழிதான் வரவேண்டும். ஓரத்துக்கோ பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வழி உண்டு. அதனால் மூலைகளிலும் விளிம்புகளிலும் அது குவியும். மொத்தம் ஏறிய நிக்கல் ஃபாரடே கணக்குப்படி கிராம் பிசகாமல் இருக்கும். ஆனால் மூலையில் முப்பது மைக்ரான், நடுவில் எட்டு மைக்ரான் என்று எக்ஸ்ரே தடிமன்மானி காட்டும். வாடிக்கையாளரின் வரைபடத்தில் “குறைந்தபட்சம் 12 மைக்ரான்” என்று இருந்தால், நடுவை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குக் கொண்டுபோகும்போது மூலை இன்னும் வீங்கும். அந்தக் கூடுதல் நிக்கலுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். மூலை வீங்கிய பாகம் அசெம்பிளியில் உட்காராமல் திரும்பி வந்தால் அதற்கும் பட்டறைதான் பொறுப்பு.

மாஸ்டரின் திறமை முழுக்க, பாகங்களை மாட்டித் தொங்கவிடும் ஜிக் கட்டுவதில் இருக்கிறது. பாகங்களை எந்தக் கோணத்தில், எவ்வளவு இடைவெளியில் மாட்டுவது என்பதை வரைந்து பார்க்காமல் அவர் முதல் லாட்டை இறக்குவதில்லை. பக்கத்துப் பாகம் சற்று நெருங்கி இருந்தால் இரண்டின் ஓரங்களும் ஒன்றுக்கொன்று மறைப்பாகி, குவியும் மின்சாரம் பகிர்ந்துகொள்ளப்படும். வரிசையின் கடைசிப் பாகத்துக்கு அந்த அண்டை இல்லை. ஆகவே அதற்கு வெளியே ஒரு சும்மா கம்பியைத் தொங்கவிடுவார்கள். தீஃப் கம்பி என்று பெயர். மூலைக்குப் போக இருந்த மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும், நிக்கலும் அதன்மேல் ஏறி வீணாகும். நிக்கல் வீணாகக் கூடாது என்றால் பாலிபுரொப்பிலீன் தகட்டை ஓரத்துக்கு முன்னால் மறைப்பாக வைக்கலாம். அது மின்சாரத்தைச் சுற்றிப்போக வைக்கும். எதை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு பாகத்துக்கும் மாறும். பட்டறையின் பின்சுவரில் தொங்கும் பழைய ஜிக்குகளை மாஸ்டர் இரும்புக்கடைக்குப் போட மறுப்பது அதனால்தான்.

ஒரு தொட்டி எந்த ஆம்பியரில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க ரிச்சர்டு ஹல் 1939ல் கொண்டுவந்த சின்னச் செல் ஒவ்வொரு நல்ல பட்டறையிலும் இருக்கும். ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய பெட்டி அது. அந்தச் சாய்வில் வைக்கும் பித்தளைத் தகட்டின் ஒரு முனை ஆனோடுக்கு அருகில், மறுமுனை தொலைவில் இருக்கும். சில நிமிடம் ஓட்டி எடுத்தால் ஒரே தகட்டில் கருகலிலிருந்து பளபளப்பு வழியாக மங்கல் வரை எல்லா நிலையும் வரிசையாகத் தெரியும். அதன் கொள்ளளவு 267 மில்லி. இரண்டு கிராம் மருந்து போட்டால் அமெரிக்க காலனுக்கு ஓர் அவுன்ஸ் போட்டதற்குச் சமமாக வரும்படி எடுத்த அளவு. மெட்ரிக் நாடான இந்தியாவிலும் அந்த 267 அப்படியே இருக்கிறது.

குழாயின் உட்புறம்தான் பிளேட்டிங்காரருக்குத் தீராத தலைவலி. குழாய் வாயில் நிக்கல் நன்றாக ஏறும். உள்ளே போகப்போக மின்சாரம் வற்றிவிடும். குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்குமேல் எதிர்பார்க்காதே என்பது பட்டறைக் கணக்கு. உள்ளே தனியாக ஒரு ஆனோடுக் கம்பியை நுழைத்துச் சமாளிப்பார்கள். அந்தத் தலைவலியிலிருந்துதான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு வந்தது. அமெரிக்க தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் குழாய்களின் உள்சுவரில் நிக்கல் கலப்பு ஏற்ற முயன்றுகொண்டிருந்தார்கள். கரைசலில் ஹைப்போபாஸ்பைட் சேர்த்தபோது படிந்த எடை ஃபாரடே கணக்கின் 100 சதவீதத்தைத் தாண்டியது. ஓடிய மின்சாரத்துக்கு வரவேண்டியதைவிட அதிக உலோகம்! அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மின்சாரம் தராத எலெக்ட்ரானை ஹைப்போபாஸ்பைட் தந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து 1946ல் வெளியிட்டார்கள். அதுதான் எலெக்ட்ரோலெஸ் நிக்கல். 90 டிகிரி சூட்டில், வயரே இல்லாமல், மூலை, குழி, குழாயின் உட்புறம் எல்லா இடத்திலும் ஒரே கனம். எலெக்ட்ரான் வெளியே ஓரிடத்திலிருந்து வராமல் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் அங்கங்கேயே கிடைப்பதால் “எங்கே” என்ற கேள்வியே எழாது. மாஸ்டர் அதற்கும் ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறார். மருந்து விலை அதிகம் என்பதால் எல்லா வேலைக்கும் கட்டுப்படியாகாது.

குரோம் தொட்டி தனி ரகம். லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட், 2.5 கிராம் கந்தக அமிலம். நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் பிசகினால் பூச்சு விழாது. கரைசல் ரத்தச் சிவப்பு. இதில் குரோமியம் தனி நேர் அயனியாக இல்லை, ஆக்ஸிஜனோடு சேர்ந்து எதிர் மின்னூட்டம் கொண்ட குரோமேட் வகை அயனியாக மிதக்கிறது. அதாவது எதிர் முனையான கேத்தோடு அதைத் தள்ளத்தான் வேண்டும். ஆனாலும் உலோகம் கேத்தோடில்தான் படிகிறது. நேருக்கு எதிர் இழுக்கும் என்ற பள்ளிப் பாடத்தோடு வருகிறவர்களுக்கு இது குழப்பும். மின்புலம் தள்ளும் தள்ளு பலவீனமானது. கரைசலின் கலக்கமும் செறிவு வித்தியாசமும் அயனியைப் பரப்புக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. வந்து சேர்ந்த பிறகு எலெக்ட்ரான் கைமாறுவது வேதியியல் வேலை. சித்தப்பாவின் தங்கத் தொட்டியிலும் இதே கதைதான். அங்கே தங்கம் சயனைடோடு சேர்ந்து எதிர் அயனியாகத்தான் இருந்தது.

குரோம் தொட்டிக்குப் பட்டறை கொடுக்கும் விலை அதிகம். ஆறு எலெக்ட்ரான் கேட்கும் குரோமியத்துக்குப் போய்ச் சேருவது ஓடும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழி. குமிழி வெடிக்கும்போது குரோமிக் ஆசிட் மூடுபனியாக எழும்பும். ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் வரவழைக்கும். பழைய நாள் குரோம் தொழிலாளிகள் பலருக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தது மருத்துவ நூல்களில் பதிவான செய்தி. மாஸ்டர் முதலில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் தொட்டி ஓரத்தில் புகை உறிஞ்சி கிடையாது. மதியத்துக்குள் எல்லோருக்கும் தும்மல் பிடித்துவிடும். சொந்தப் பட்டறை போட்டபோது ரெக்டிஃபையர் வாங்குவதற்கு முன்பே அவர் உறிஞ்சிக்கும் புகையைக் கழுவும் ஸ்கரப்பருக்கும் காசு கட்டினார்.

ஹைட்ரஜன் அயனியின் இன்னொரு விளையாட்டையும் அந்த முதல் பட்டறையில்தான் பார்த்தார். ஒரு நிறுவனம் உயர்வலிமை எஃகு போல்ட்டுகளை ஜிங்க் பிளேட்டிங்குக்கு அனுப்பியிருந்தது. பூச்சு பிரமாதம், சோதனையும் பாஸ். அங்கே ஃபிட்டர்கள் இறுக்கி வைத்துவிட்டுப் போன போல்ட்டுகளில் சில மறுநாள் காலையில் தலை துண்டாகிக் கிடந்தன. ஆசிட்டில் துரு எடுக்கும்போதும் ஜிங்க் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் அயனி எலெக்ட்ரான் வாங்கி அணுவாகிறது. இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாவதற்குள் சில அணுக்கள் எஃகுக்குள் நுழைந்துவிடும். அவ்வளவு சின்ன அணு அது. இறுக்கத்தில் இருக்கும் கடினமான எஃகில் அது அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்து போய்ச் சேரும், சில மணி நேரத்தில் விரிசல் விடும். பூச்சு முடிந்து நாலு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் சுட்டால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். அந்த போல்ட்டுகளின் வரைபடத்தில் சுடச் சொல்லும் குறிப்பு இல்லை. இன்றைக்கு மாஸ்டர் கோட்டேஷன் கொடுக்கும்போது முதலில் கேட்பது போல்ட்டின் கிரேடு. 10.9, 12.9 என்று பதில் வந்தால் அடுப்புச் செலவையும் சேர்த்தே விலை சொல்வார்.

அயனிகளை உட்கார வைப்பது பாதி வேலைதான். கழுவிய தண்ணீரில் மிச்சமிருப்பவற்றைப் பிடிப்பது மறு பாதி. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று காட்டத் தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை ஒன்றே போதும். மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் அங்கே மேடாகக் கிடந்து, மழைக்கு மழை நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. வெளியேற்றும் நீரில் ஆறு இணைதிற குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, நிக்கல் 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியச் சட்டம்.

மாஸ்டரின் பட்டறையில் குரோம் கழுவல் தனி வாய்க்கால், நிக்கல் கழுவல் தனி வாய்க்கால். இரண்டையும் கலக்காததற்குக் காரணம் மின்னூட்டம். நிக்கல் நேர் அயனி. பாலிஸ்டைரீன் மணிகளில் எதிர் மின்னூட்டத்தைப் பதித்த ரெசின் வழியே அந்தத் தண்ணீரை விட்டால், மணிகளில் தொற்றியிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு நிக்கல் ஒட்டிக்கொள்ளும். இரட்டை மின்னூட்டம் கொண்டதற்கு ஒற்றையைவிடப் பிடிமானம் அதிகம். மணிகள் நிறைந்ததும் கந்தக அமிலத்தால் கழுவினால் நிக்கல் சல்பேட்டாகவே திரும்பக் கிடைக்கும். குரோமேட் எதிர் அயனி என்பதால் இந்த மணி அதைச் சீண்டாது, ஒட்டாமல் ஓடிப்போகும். அதற்கு வேறு சிகிச்சை. அமிலம் சேர்த்து சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் ஆரஞ்சு நிறம் மறைந்து பச்சையாகும். ஆறு இணைதிறம் மூன்றாகிவிட்டது என்று பொருள். பிறகு சுண்ணாம்பு போட்டால் ஹைட்ராக்ஸைடாகக் கீழே இறங்கும்.

எல்லாவற்றுக்கும் பிறகு மிதக்கும் பாலிஷ் தூசும் எண்ணெய்த் துளியும் இறங்குவதில்லை. அவற்றின் மேல் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். படிகாரம் போட்டால் மும்மடங்கு நேர் மின்னூட்டம் கொண்ட அலுமினிய அயனி அந்தத் தள்ளுதலை அணைத்துவிடும், துகள்கள் திரண்டு படியும். அதே வேலையைச் சாதா உப்பின் சோடியத்தால் செய்யப் பல நூறு மடங்கு வேண்டும். கிராமத்தில் கலங்கல் தண்ணீர்க் குடத்தில் படிகாரக் கட்டியைச் சுழற்றுவதும் இதே வேதியியல்தான்.

சில ஆண்டுகளாக மாஸ்டரின் கவனம் மூன்று இணைதிற குரோமின் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு குரோமிக் ஆசிட் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அங்கே வாகனம் விற்கும் நிறுவனங்கள் தங்களுக்குப் பாகம் செய்பவர்களைக் கேட்க, அவர்கள் அம்பத்தூரைக் கேட்கிறார்கள். மூன்று இணைதிற அயனி நேர் மின்னூட்டம் கொண்டது, ஆறுக்குப் பதில் மூன்று எலெக்ட்ரான் போதும், விஷமும் குறைவு. பிறகு ஏன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் போகவில்லை? அந்த அயனியைச் சூழ்ந்த ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் அவ்வளவு லேசில் விலகாது. நிக்கல் சட்டென்று கழற்றும் சட்டையை இது கழற்ற மறுக்கும். தண்ணீரின் இடத்தைப் பிடிக்க ஃபார்மேட் போன்ற துணை மருந்துகள் சேர்த்த பிறகே, 1970களில், கடைக்கு வரும் அளவுக்குத் தொட்டி அமைந்தது. ஆனோடில் அது மறுபடி ஆறாக மாறிவிடாமலிருக்க கிராஃபைட்டோ, இரிடியம் ஆக்ஸைடு பூசிய டைட்டானியமோ மாட்ட வேண்டும். செம்பு, துத்தநாக அயனிகள் லிட்டருக்குச் சில மில்லிகிராம் கலந்தாலே பூச்சில் கறுப்புக் கோடு விழும். அவற்றை மட்டும் பிடிக்கும் ரெசின் ஒன்று தொட்டியோடு சுழன்றுகொண்டே இருக்கும்.

புதிய தொட்டியில் மாஸ்டருக்குப் பிடித்த விஷயம் வேறு. மின்சாரம் இங்கேயும் மூலைக்குத்தான் ஓடுகிறது. ஆனால் மூலை அவ்வளவு சீக்கிரம் கருகுவதில்லை, குழிகளுக்கும் பூச்சு எட்டுகிறது. பழைய ஜிக்கிலிருந்து தீஃப் கம்பிகள் சிலவற்றைக் கழற்றிவிட்டு, அதே நீளத்தில் கூடுதலாகப் பாகங்கள் மாட்ட முடிகிறது. சிக்கல் நிறத்தில். மூன்று இணைதிறக் குரோம் பழையதைவிடச் சற்றே இருண்டது. ஒரே வண்டியில் ஒரு பாகம் பழைய தொட்டியிலும் இன்னொன்று புதிய தொட்டியிலும் போனால் வெயிலில் வித்தியாசம் தெரியும். வாடிக்கையாளர் ஒப்புதலுக்காகக் காட்டும் மாதிரித் தகடுகளை அவர் இப்போது ஜோடியாகத்தான் அனுப்புகிறார். வண்டிக்குத் தேவையான எல்லாப் பாகத்தையும் ஒரே தொட்டியில் முடிப்பதாக எழுதிக் கொடுத்தால் மட்டுமே புதிய ஆர்டர். தடித்த ஹார்டு குரோம் தேவைப்படும் ஹைட்ராலிக் ராடுகள் இன்னமும் சிவப்புத் தொட்டியில்தான் இறங்குகின்றன, உறிஞ்சி முழு வேகத்தில் ஓட.